கரகமும் காகிதப்பூவும்

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு காகிதப்பூச் செடி வாங்கிவந்தேன். சிங்கப்பூரில் சின்னக் குழந்தைகூட ‘போகன்வில்லா’ என்று சொல்லும் அதே செடிதான். இடுப்பளவு உயரத்தில், சுண்டுவிரல் தடிமனில் ஒற்றைத் தண்டு. உச்சியில் குடை விரித்ததுபோல ஊதாப் பூப்பந்து. தண்டை ஒட்டி ஒரு மூங்கில் குச்சி நின்றது. அடியிலிருந்து நுனிவரை நான்கைந்து இடங்களில் மெல்லிய கம்பி சுற்றிச் செடியைக் குச்சியோடு இறுக்கியிருந்தார்கள்.

ஜாலான் புசாரில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில், வாசல் ஓரமாக வைத்தேன். குச்சியும் கம்பியும் கண்ணை உறுத்தின. மறுநாள் காலை கம்பிகளைக் கத்தரித்துக் குச்சியை உருவினேன். செடி ஒரு கணம் யோசித்ததுபோல் நின்றது. பிறகு மெதுவாக முன்னால் வளைந்து, பூப்பந்து தரையில் போய்ப் படுத்தது. தண்டு முறியவில்லை, இலை வாடவில்லை. நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதே புளோக்கின் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி இருக்கிறது. யார் நட்டதோ தெரியாது. அதற்கு யாரும் குச்சி நட்டதில்லை, கயிறு கட்டியதில்லை. எத்தனையோ மழைக்கும் காற்றுக்கும் ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்து நிற்கிறது.

பிறந்ததிலிருந்து ஊன்றுகோலோடு இருந்த செடி விழுகிறது. ஊன்றுகோலையே பார்க்காத செடி நிற்கிறது. இது ஏன் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

தோரணமும் கரகமும்

முதலில், தலை கனத்த எதுவும் ஏன் கவிழப் பார்க்கிறது என்று பார்ப்போம்.

வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் காற்றில் ஆடும். ஆனால் காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதைப் பிடித்திருக்கும் இடம் மேலே, எடை கீழே. விலகும்போதெல்லாம் புவியீர்ப்பு அதைத் திரும்ப இழுத்துவருகிறது. இயற்பியலில் இதற்கு ஊசல் என்று பெயர்.

கரகாட்டக்காரர் தலையில் இருக்கும் செம்பு இதற்கு நேர் எதிர். தாங்கும் இடம் கீழே, எடை மேலே. ஒரு விரற்கடை விலகினால் புவியீர்ப்பு அதை இன்னும் விலக்கும். இது தலைகீழ் ஊசல். ஆடுபவர் தம் கழுத்தையும் இடுப்பையும் கணத்துக்குக் கணம் கரகத்துக்கு அடியில் கொண்டுபோய் வைப்பதால்தான் அது விழாமல் இருக்கிறது.

சிங்கப்பூரில் காகிதப்பூவை இந்த இரண்டு வேடத்திலும் பார்க்கலாம். சாலைகளுக்கு மேலே செல்லும் நடைமேம்பாலங்களின் ஓரத்தில் நீளமான தொட்டிகளில் அதை நட்டிருக்கிறார்கள். அங்கே கிளைகள் தொட்டியிலிருந்து வழிந்து கீழே தொங்குகின்றன. எவ்வளவு பூத்தாலும் கவலையில்லை. எடை கூடக் கூட அது இன்னும் ஒழுங்காகத் தொங்கும், ஏனென்றால் அங்கே அது தோரணம். என் வாசலில் நின்றதோ கரகம். ஆடுபவருக்குக் கால் உண்டு, செடிக்கு இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே தன் தலையைச் சுமக்க வேண்டும். சுமக்க அதற்கு இருப்பவை தண்டு, வேர், வேரைப் பிடித்திருக்கும் மண் என மூன்று.

இந்த மூன்றில் எது தோற்றாலும் செடி விழும். ஆனால் மூன்றும் மூன்று விதமான விழுகை. தொட்டியோடு கவிழ்ந்தால் அது எடைக்கணக்கு. தொட்டி நின்று, செடி மட்டும் வேரோடு புரண்டால் அது பிடிப்பின் குறை. தொட்டியும் வேரும் அசையாமல் தண்டு மட்டும் வளைந்தால், என் செடிபோல, அது தண்டின் விறைப்புக் குறைவு. நோய் எதுவென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் குச்சியே மருந்து என்று நாம் ஓடுகிறோம்.

பூவின் எடையா, நீரின் எடையா?

காகிதப்பூ பெயருக்கேற்ப லேசானது. நாம் பூ என்று நினைக்கும் அந்த ஊதாத் தாள்கள் உண்மையில் இதழ்களே இல்லை. அவை நிறம் மாறிய இலைகள். தாவரவியலில் பூவடிச் செதில் என்பார்கள். மூன்று செதில்களுக்கு நடுவே தீக்குச்சித் தலையளவு தெரியும் வெண்மையான குழல்கள்தான் அசல் பூக்கள். காய்ந்த நேரத்தில் ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது.

மழை பெய்ததும் கதை மாறுகிறது. செதில்களுக்கு இடையே நீர் சிக்கிக்கொள்கிறது. இட்லிப்பூ இன்னும் மோசம். நெருக்கமான சிறு குழல்கள் ஒன்றுசேர்ந்த அந்த உருண்டை, பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைக்கும். அடுக்குச் செம்பருத்தியும் அப்படித்தான். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் ஒரு இட்லிப்பூக் கொத்தை வையுங்கள். பிறகு அதை நீரில் முக்கி, ஒருமுறை உதறி, மறுபடி வையுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் செடியில் இருக்கும் கொத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், மழை முடிந்ததும் தண்டின் தலையில் ஏறிய சுமை கிடைக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இந்தச் சுமை ஏறி இறங்குகிறது.

சுமை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு உயரத்தில் என்பதும் முக்கியம். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது; கைப்பிடியில் தள்ளினால் ஒரு விரலே போதும். விசை சிறிதானாலும் அது செயல்படும் தூரம் கூடினால் திருப்பும் வலு கூடும். பள்ளிப் பாடத்தில் இதைத் திருப்புத்திறன் என்று படித்திருப்போம். இடுப்புயரத் தண்டின் நுனியில் அடிக்கும் காற்றுக்குச் செடி ஒரு கதவு. தண்டின் அடிதான் கீல்.

காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. அதன் வேகம் இரண்டு மடங்கானால், ஒரு விறைப்பான பொருள்மேல் அது தரும் தள்ளு நான்கு மடங்காகிறது. இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு ‘சுமத்ராக் காற்று’ பழக்கமானது. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகும் இடிமழை மேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியற்காலையில் நம்மை எழுப்பும். அப்போது மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் அது 144.4 கிலோமீட்டரைத் தொட்டது. 2024 செப்டம்பர் 17 மாலை அதே தெங்காவில் பதிவானது 83.2 கிலோமீட்டர். அன்று தீவு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன.

செடி இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வோகல் என்ற உயிரியலாளர் இலைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார். காற்று கூடக் கூட, அகலமான இலைகள் கடலைப் பொட்டலம்போல் தம்மைத் தாமே சுருட்டிக்கொண்டன. 1989-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இது. காற்றை எதிர்த்து விறைப்பாக நின்றால் நான்கு மடங்கு அடி; வளைந்து சுருண்டு கொடுத்தால் அடி குறைவு. வளைவதும் நிற்பதற்கான ஒரு வழிதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈர்க்குச்சிப் பாடம்

இப்போது தண்டுக்கு வருவோம். துடைப்பத்திலிருந்து ஒரு நீள ஈர்க்கை உருவி, அதன் அடியைப் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். நுனி தொங்கும். பாதியாக ஒடித்து மறுபடி நிறுத்தினால் நேராக நிற்கும். ஈர்க்கின் தடிமன் பெரிதாக மாறவில்லை, மாறியது நீளம்தான். ஒவ்வொரு தடிமனுக்கும் ஓர் உயர எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால், யாரும் தொடாமலே, தன் எடைக்கே அது வளையும். பொறியாளர்கள் இதை நெளிவு என்கிறார்கள். தூண்கள் எப்போது நெளியும் என்று 1744-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் லியோனார்டு ஆய்லர்.

வளையத் தொடங்கிய தண்டு ஏன் இன்னும் வளைகிறது? சாய்ந்ததும் தலையின் எடை அடியிலிருந்து விலகுகிறது. விலகினால் திருப்புத்திறன் கூடுகிறது. கூடினால் இன்னும் சாய்கிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறுவதுபோல. என் செடி ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு தரையைத் தொட்டதன் ரகசியம் இதுதான்.

மீளும் வழியும் இதே கணக்கில் இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகள். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு தடிமன் என்று வையுங்கள். தடித்ததன் விறைப்பு இரண்டு மடங்கா? இல்லை, நான்கு மடங்கும் இல்லை. அது 16 மடங்கு. சாத்தே குச்சியை விரலால் வளைத்துவிடலாம், சீனக் கடையின் உணவுக்குச்சியை வளைக்கக் கை வலிக்கும் என்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே தண்டு கொஞ்சமே தடித்தாலும் செடிக்குக் கிடைப்பது பெரிய லாபம்.

மரங்கள் இதை நன்றாகவே கையாள்கின்றன. 1973-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் மெக்மஹன், அமெரிக்காவில் பதிவான மிகப் பெரிய மரங்களின் உயரத்தையும் அடித்தண்டின் தடிமனையும் எடுத்து ஒப்பிட்டார். அவை நெளிந்து விழக்கூடிய எல்லையில் ஏறக்குறைய கால்பங்கு உயரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன என்று கண்டார். தன் சம்பளத்தில் கால்பங்கை மட்டும் செலவழிக்கும் குடும்பஸ்தர்போல, மரம் தனக்கென்று ஒரு கையிருப்பை வைத்துக்கொள்கிறது.

மரத்துக்கு ஆய்லரின் கணக்குத் தெரியாது. பின் எவ்வளவு தடிக்க வேண்டும் என்று யார் அதற்குச் சொன்னது?

செடிக்கு எப்படித் தெரியும்?

இதற்கான விடையை முதலில் நெருங்கியவர் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயர். தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்று பெயர். இளம் ஆப்பிள் மரங்கள் சிலவற்றைக் குச்சிகளில் கட்டி, தண்டின் கீழ்ப்பகுதி காற்றில் அசையாதபடி செய்தார். மேல்பகுதி மட்டும் ஆடும். பக்கத்தில் வேறு சில மரங்களைச் சும்மா விட்டார். சும்மா ஆடிய மரங்களின் அடித்தண்டு தடித்தது. கட்டப்பட்டவற்றில் கட்டுக்குக் கீழே அவ்வளவாகத் தடிக்கவில்லை. ஆடிய மேல்பகுதியே தடித்தது.

அதோடு அவர் விடவில்லை. ஒரு மரத்தை வடக்கு தெற்காக மட்டும் ஆடும்படி கட்டினார். அதன் தண்டு வட்டமாக வளராமல் முட்டை வடிவில் வளர்ந்தது. வடக்கு தெற்கு விட்டம் 13 என்றால் கிழக்கு மேற்கு விட்டம் 11. எந்தத் திசையில் வளைந்ததோ அந்தத் திசையில் மரம் தன்னைப் பலப்படுத்திக்கொண்டது. 1803-ல் வெளியான இந்த ஆய்வுக்கு அவருக்குத் தேவைப்பட்டவை குச்சி, கயிறு, பொறுமை மட்டுமே.

ஆனால் தடிக்க வைத்தது ஆட்டமா, அல்லது காற்று கொண்டுவந்த குளிர்ச்சியோ வறட்சியோவா? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் காற்றே இல்லாமல் ஆட்ட வேண்டும். 1971-ல் கலிஃபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இருவர் அதைத்தான் செய்தார்கள். கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்த இளம் மரக்கன்றுகளை நாளுக்கு 30 விநாடி மட்டும் கையால் உலுக்கினார்கள். உலுக்காத கன்றுகள் வளர்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட உலுக்கிய கன்றுகள் எட்டவில்லை. மீதி 23 மணி 59 நிமிடம் 30 விநாடியும் இரண்டுக்கும் ஒரே வாழ்க்கை. அரை நிமிட ஆட்டம் போதும், செடி தன் திட்டத்தையே மாற்றிக்கொள்கிறது.

1973-ல் மார்க் ஜாஃபி, அவரை, வெள்ளரி, ஆமணக்கு, பார்லி போன்ற செடிகளின் தண்டுகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவையும் நீள்வதைக் குறைத்துக்கொண்டன. இந்த நிகழ்வுக்கு அவர் கிரேக்கத்திலிருந்து ஒரு நீண்ட பெயரை வைத்தார். தமிழில் ‘தொடுவினை உருமாற்றம்’ என்று சொல்லலாம். தொட்டதும் சுருங்குகிற தொட்டாற்சிணுங்கியின் வேலை விநாடிக் கணக்கு. இது வாரக் கணக்கு. அந்த வகையில் ஏறக்குறைய எல்லாச் செடியும் தொட்டாற்சிணுங்கிதான். சிணுங்குவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பது ஒரு தற்செயலால் தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், ரொனால்டு டேவிஸ் இருவரும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் ஒரு வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்து, எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று தேடினார்கள். சில மரபணுக்கள் விழித்தன. ஒப்பிடுவதற்காக வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன! அப்படியானால் எழுப்பியது ஹார்மோன் இல்லை, தெளித்த நீர் இலையில் பட்ட அசைவுதான். மழை, காற்று, தொடுதல் எதுவானாலும் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் அவற்றின் வேலை நூறு மடங்குவரை கூடியது. 1990-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள்.

அந்த மரபணுக்களில் ஒன்று கால்மாடுலின் என்ற புரதத்துக்கானது. செல்லுக்குள் கால்சியம் கூடினால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் செய்தி சொல்லும் தபால்காரர் அது. தண்டு வளையும்போது ஒருபுறத்துச் செல்கள் இழுபடுகின்றன, மறுபுறத்தில் நசுங்குகின்றன. அந்த இழுப்பில் கால்சியம் செல்லுக்குள் நுழைகிறது. செய்தி பரவுகிறது. நாளடைவில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம், வளைந்த இடத்தில் கூடுதலாகக் கட்டையை அடுக்குகிறது. வேர்களும் இதேபோல் தடிக்கின்றன.

ஆக, செடி கணக்குப் போடுவதில்லை. எங்கே வலிக்கிறதோ அங்கே கட்டுகிறது. வலிக்காத இடத்தில் கட்டையைச் செலவழிப்பதில்லை. மண் சுமப்பவரின் தோள் காய்த்துப்போவதும் இப்படித்தான்.

குச்சி செய்த காரியம்

இப்போது என் காகிதப்பூவின் கதை விளங்கிவிட்டது. நாற்றங்காலில் தொட்டிகளை நெருக்கி அடுக்குவார்கள். பக்கத்து இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்புக் குறைந்து, அதற்கு அடுத்த, நம் கண்ணுக்கு எட்டாத தூரச்சிவப்பு மிகுந்திருக்கும். இதைச் செடி உணரும். போட்டி வந்துவிட்டது, தலையை மேலே நீட்டு என்று நீண்டு மெலியும். நெருக்கத்தால் காற்றும் புகாது. இதற்கு மேல் அடி முதல் நுனிவரை குச்சியோடு கட்டு. தண்டு ஒருமுறைகூட வளையவில்லை. வளையாததால் கட்டைக்கு உத்தரவே போகவில்லை. நிற்கும் வேலையைக் குச்சி பார்த்துக்கொண்டது. செடி தன் வரும்படி முழுவதையும் பூவில் போட்டது. கடையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காகிதப்பூவுக்கு இன்னொரு பிறவிக் குணமும் உண்டு. 1767-ல் ரியோ டி ஜெனீரோவில் பிலிபேர் கொமர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதைச் சேகரித்து, தம் கப்பல் பயணத்தின் தலைவரான பூகன்வில்லின் பெயரை இதற்குச் சூட்டினார். தென்னமெரிக்கக் காட்டில் இது தனியே நிமிர்ந்து நிற்கும் செடி இல்லை. பக்கத்து மரங்களின்மேல் சாய்ந்து, வளைந்த முட்களைக் கொக்கிபோல் மாட்டி ஏறும் தொற்றுச்செடி. நாம்தான் வெட்டி வெட்டி ஒற்றைத் தண்டில் குடையாக்கி, சாய ஒன்றும் இல்லாத வாசலில் நிறுத்துகிறோம்.

ஆகவே செடிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பாரி தேர் கொடுத்தானே, அந்த முல்லை கொடி. அதற்குக் கொழுகொம்பு ஆயுள் முழுக்க வேண்டும். அதைப் பலவீனம் என்று யாரும் சொல்ல முடியாது. செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்றவை புதர்கள். இளமையில் கொஞ்ச காலம் துணை இருந்தால் போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். காகிதப்பூ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தலையைச் சிறிதாக வைத்தால் தானே நிற்கும். பெரிதாக்க ஆசைப்பட்டால் ஏதோ ஒரு துணை எப்போதும் வேண்டும்.

எப்படிக் கட்டுவது?

சரிந்த செடியோடு நான் போராடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) வந்தார். என் கையில் பச்சை ராஃபியா கயிறு. அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய கைலித் துணியை நீளமாகக் கிழித்துவந்தார். குச்சியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, பிறகு தண்டில் தளர்வாக ஒரு சுற்று. எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்ததுபோல இருந்தது. “ஜாங்ஙான் இக்காட் குவாட்-குவாட்” என்றார். இறுக்கிக் கட்டாதே.

அந்த எட்டில் அறிவியல் இருக்கிறது. நடுவில் உள்ள முறுக்கு, தண்டும் குச்சியும் உரசாமல் இடைவெளி தருகிறது. துணி அகலமானது, அழுத்தத்தைப் பரப்பிவிடும். ராஃபியாவோ கம்பியோ என்றால், தண்டு தடிக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும். இலையில் தயாராகும் சர்க்கரை பட்டையின் வழியாகத்தான் வேருக்குப் போகிறது. இறுக்கிய கயிறு அந்த வழியை நெரித்துவிடும்.

எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தண்டை ஒரு கையால் மேல்பகுதியில் பிடித்து, மறு கையால் தலையை மெல்ல வளைத்துவிடுங்கள். நிமிர்கிறதா? பிடித்த கையைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி பாருங்கள். இறக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் தலை நிமிராமல் தங்கிவிடும். அதற்குச் சற்று மேலேதான் உங்கள் கட்டு வர வேண்டும். ஏறக்குறைய ஒரு சாண் மேலே இருந்தால் சரி. ஒரே ஒரு கட்டு போதும். அதற்கு மேலே இருக்கும் தண்டு காற்றில் ஆடட்டும். கீழே இருப்பதும் துணியின் தளர்வுக்குள் அசையட்டும்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய காவடி எடுப்பவரைச் சுற்றி உறவினரும் நண்பர்களும் நடப்பார்கள். அவர் ஆடும்போது யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கைகளை விரித்து வளையமாகக் கூடவே வருவார்கள். தடுமாறினால்தான் தாங்குவார்கள். செடிக்கு நடும் குச்சியும் அப்படி இருக்க வேண்டும்.

குச்சிக்கு முன்னால் செய்ய வேண்டியது கத்தரிப்பு. பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டுங்கள். உயரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளையும் கதவின் கைப்பிடியில் தொங்கும் எடை. உச்சியில் கால்பங்கை எடுத்தால், தண்டின் அடியில் விழும் திருப்புத்திறன் கால்பங்குக்கும் மேலேயே குறையும். காகிதப்பூ புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூவுக்கும் நஷ்டமில்லை. கீழே பக்கக் கிளைகள் வெடித்துச் செடி தாழ்வாகப் பரவும்.

அடுத்தது தொட்டி. காகிதப்பூ நிறையப் பூக்க வேண்டும் என்று நாம் தண்ணீரைக் குறைத்துக் காயவிடுகிறோம். தலை மிகப் பெரிதாக இருக்கும் நாளில் தொட்டி மிக லேசாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சுமத்ராக் காற்று வந்தால் கேட்கவே வேண்டாம். தென்னைநார்த் தூள் கலவை காய்ந்தால் இறகுபோல் ஆகிவிடும். எடைக்காகத் தொட்டியின் அடியில் கற்களைப் போடாதீர்கள். கற்களுக்கு மேலே இருக்கும் மண்ணில் நீர் தேங்கி வேர் அழுகும். செடி இருக்கும் தொட்டியை அகலமான அடியுள்ள இன்னொரு கனத்த தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் கற்களை நிரப்புங்கள். எடைக்குத் தண்ணீர்த் தட்டு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தேங்கிய நீரில் டெங்கிக் கொசு குடிவந்துவிடும்.

மாடியில் இருப்பவர்கள் தொட்டியைக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏற்றவே கூடாது. அங்கிருந்து விழுந்தால் அது செடியின் பிரச்சினையாக இருக்காது, கீழே நடப்பவரின் உயிராக இருக்கும். தாழ்வாரத்திலும் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. மற்றபடி சுவரோரம், தரையில், செடி தன் பாட்டுக்கு நிற்கலாம்.

கடைசியாக வேர். செடியைப் பிடித்து மெல்ல அசைத்தால் தண்டு வளையாமல் மண்ணோடு சேர்ந்து ஆடுகிறதா? அப்படியானால் தொட்டிக்குள் வேர்கள் கயிற்றுச் சுருள்போல் சுற்றியிருக்கக்கூடும். எத்தனை குச்சி நட்டாலும் பயனில்லை. வெளியே எடுத்து, சுற்றிய வேர்களை அங்கங்கே வெட்டிவிட்டுப் புதிய மண்ணில் நடுங்கள்.

என் செடியின் கட்டை மாதம் ஒருமுறை அவிழ்த்து, நிற்கிறதா என்று பார்க்கிறேன். முதல் மாதம் சாய்ந்தது. இரண்டாம் மாதம் கொஞ்சம் தள்ளாடியது. இப்போது பாதித் தலையோடு, குச்சியில்லாமல் நிற்கிறது. பூ முன்போல் இல்லை, குறைவுதான்.

குச்சியில் கட்டிய செடி உங்கள் வீட்டில் இருந்தால் இன்று ஒரு வேலை செய்யுங்கள். மேலே இருக்கும் கட்டுகளை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் தளர்வாக விடுங்கள். கட்டிய தேதியைத் தொட்டியில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேதியையும் எழுதிவையுங்கள்.